மணி அடிக்காத உலை

"ஐயய்யோ... கதவு மூடுது! உள்ள ஜி.எம். கீறாருய்யா!"

அலறியது யூனியன் தலைவர் குப்புராஜ்.

இத்தனை வருஷமும் நிர்வாகத்தை எதிர்த்து மட்டுமே அலறிப் பழகிய தொண்டை. முதல் முறையாக நிர்வாகத்துக்காக அலறியது!

நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரர் மட்டும் விஷயம் புரியாமல் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்தினார்.

விஜயதசமி காலை. வருஷம் 1978. கும்மிடிப்பூண்டியில் செங்கல்வராயன் வயர் மில்ஸ்.

அங்கே கம்பிச் சுருள்களைச் சூடேற்றிப் பதப்படுத்த ஒரு உலை உண்டு. லாரியே உள்ளே போகலாம், அவ்வளவு பெரிசு. வருஷமெல்லாம் தினமும் கம்பி ஏற்றி மூட்டுவார்கள். ஆயுத பூஜைக்காக மட்டும் சில நாள் முன்பே அணைத்து ஆறவிடுவார்கள். விஜயதசமி அன்று ஜெனரல் மேனேஜர் அதற்குள் போய், சுவரில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வெளியே வரவேண்டும்.

அது முதலாளி குடும்பத்து வழக்கம். ஆனால் முதலாளி குடும்பத்தில் யாரும் உலைக்குள் போகமாட்டார்கள். அதுவும் வழக்கம்தான்.

நல்ல நேரம் தவறிவிடக்கூடாதே! அதனால் ஜி.எம். உள்ளே கற்பூரம் காட்டும்போதே, கண்ணாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் 'ஸ்டார்ட்' என்று தட்டிவிடுவார்கள். தட்டியதும் அபாய மணி அடிக்கும். நாலைந்து நிமிஷம் விடாமல் அடித்த பிறகுதான் கதவு மூடும். அதற்குப் பிறகுதான் காஸ் பற்றிக்கொள்ளும். மணிச் சத்தம் முழங்க ஜி.எம். கம்பீரமாக வெளியே வருவார். எல்லோரும் கை தட்டுவார்கள். சுண்டல்.

இன்று 'ஸ்டார்ட்' தட்டியாகிவிட்டது.

மணி அடிக்கவில்லை!

கதவு மட்டும் மூடியது.

குப்புராஜும் ஆட்களும் கடப்பாரையோடு பாய்ந்தார்கள். ஒருவன் மெயின் சுவிட்சைத் தேடி ஓடினான். உள்ளேயிருந்து ஜி.எம். சுப்பராயன் எதையோ கத்தினார். மறுபடி மறுபடி கத்தினார். அதற்கு மேல் கத்தவில்லை.

கதவை நெம்பித் திறந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சில பேர் அங்கேயே வாந்தி எடுத்தார்கள்.

*

போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் முதலாளி செங்கல்வராயனின் முகம் சுருங்கியது.

சப்-இன்ஸ்பெக்டர் சம்பூர்ணம். காக்கிப் புடவை. கையில் லத்தி.

"ஸ்டேஷன்ல வேற யாரும் இல்லையாம்மா?"

"எல்லாரும் மந்திரி பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க. மிச்சம் இருக்கறது நானும் இவரும்தான்."

இவர் என்பவர் ஏட்டு முனுசாமி. சர்வீஸில் பாதியை டீக்கடை வாசலிலும் மீதியை சாட்சிக் கூண்டிலும் கழித்தவர். இறங்கின உடனே மூக்கை உறிஞ்சினார்.

"சுண்டலு வாசனை வருதும்மா."

"பொணம் இருக்கு முனுசாமி."

"அதுவும் வருதும்மா. அதான் சுண்டலப் பத்திப் பேசிக்கினு கீறேன்."

முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். அவருக்கு எப்போதுமே நேரம் பொன்.

"இதுல விசாரிக்க ஒண்ணும் இல்லைம்மா. மெஷினுக்கு முன்னாடி உக்காந்திருந்தது ஆரோக்கியமேரின்னு ஒரு பொண்ணு. ஸ்டார்ட் தட்டினது அவதான். நூறு பேர் பாத்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோயிடுங்க. நாளைக்கு வெளிநாட்டு பார்ட்டி வருது."

"அவ எதுக்குக் கொல்லணும்?"

"வேதக்காரப் பொண்ணும்மா. பூஜை நாளும் அதுவுமா குங்குமம் வச்சிக்கலை. ஆனா சுண்டல் மட்டும் வாங்கித் தின்னா!"

"சுண்டல் தின்னா உள்ள தள்ளறதுக்கு செக்ஷன் இல்லையே சார்" என்றாள் சம்பூர்ணம். "மெஷின்ல கோளாறு இருக்கலாம் இல்லையா?"

"இருக்கவே முடியாது!"

குறுக்கே பாய்ந்தவன் லோகநாதன். கம்ப்யூட்டரை விற்ற கம்பெனியின் என்ஜினீயர். டை கட்டியிருந்தான். புழுக்கத்தில் டை அவனைக் கட்டியிருந்தது.

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது மேடம். மனுஷங்கதான் பண்ணுவாங்க. இதே மாடலை இன்னும் நாலு கம்பெனிக்கு விலை பேசிக்கிட்டிருக்கோம். தயவுபண்ணி பேப்பர்காரங்ககிட்ட மெஷின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஆக, உங்க ரெண்டு பேருக்கும் மேரி ஜெயிலுக்குப் போயிட்டா சௌகரியம்."

முதலாளியும் என்ஜினீயரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்கத் தோன்றவில்லை.

*

கண்ணாடி அறை. தொழிற்சாலையிலேயே ஏர்கண்டிஷன் வைத்த ஒரே அறை. மனிதர்களுக்காக வைத்ததல்ல. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக்கூடாதாம்!

பீரோ அளவில் இரண்டு இரும்புப் பெட்டிகள். ஒன்றின் நெற்றியில் பட்டையாக விபூதி. எதிரே டைப்ரைட்டர் மாதிரி ஒரு மெஷின். நாம் ஒன்றைத் தட்டினால், அது பதிலைத் தானே அடித்துக் காட்டும்.

அதன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் ஆரோக்கியமேரி. கண் வீங்கியிருந்தது. அழுது முடித்து, அடுத்த அழுகைக்கு முன்னால் கொஞ்சம் ஓய்விலிருந்தாள்.

"அம்மா... ஜெயிலுக்குப் புள்ளையக் கொண்டாந்து குடுப்பாங்களா?"

சம்பூர்ணம் இதை எதிர்பார்க்கவில்லை.

"எத்தனை வயசு?"

"ஒண்ணு கூட முடியல. இன்னும் பால் மறக்கல. எங்க ஊட்டுக்காரரு தானியேல் லாரிய எட்த்துகினு விஜயவாடா போயிகினு கீறாரு. புள்ள எங்கம்மாகிட்ட கீது."

சம்பூர்ணம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேள்வி கேட்கும் குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"நீ கொன்னியா?"

"இல்லம்மா! தெனமும் தட்றதையேதான் தட்டனேன். மொதல்ல மணி அடிக்கும்னுதான் தட்டனேன். சுப்பராயன் சாரேதான் 'நான் உள்ள போனதும் தட்டு மேரி'ன்னு சொன்னாரு."

"நேத்து வரைக்கும் மணி ஒழுங்கா அடிச்சுதா?"

"உலைய அணைச்ச நாள் வரைக்கும் ஒரு தபா கூட தப்பனதில்லம்மா."

"அப்போ இன்னைக்கு மட்டும் என்ன புதுசு?"

மேரி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மெஷினை அணைச்சி ஆன் பண்ணது இன்னிக்குத்தாம்மா. வாங்கி வச்ச நாளா அத அணைச்சதேயில்ல. கரண்டு போனாலும் ஜெனரேட்டர் போட்ருவாங்க. போன வருஷம் பூஜைக்குக்கூட ஓடிக்கினேதான் இருந்திச்சி. மாலை மட்டும் போட்டோம். இந்த வருஷம்தான் குப்புராஜ் அண்ணன் சண்டை போட்டாரு."

"என்னன்னு?"

வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த குப்புராஜ் தானே உள்ளே வந்துவிட்டான்.

"ஆமாம்மா, கேட்டேன்! ஆயுத பூஜை அன்னிக்கு சுத்தியலுக்கு லீவு, ஸ்பேனருக்கு லீவு. இந்த மெஷினுக்கு மட்டும் ஏன் லீவு கெடையாது? அதுவும் தொழிலாளிதானே? யூனியன் சார்பா கோரிக்கை வச்சேன். மொதலாளி உடனே ஒத்துக்கினாரு."

"உடனேயா?"

"எங்க போனசுக்கு ஆறு மாசம் மூச்சு வுடல. மெஷினுக்கு லீவுன்னதும் அன்னிக்கே சரின்ட்டாரு. டப்பு செலவு இல்ல பாரு!"

முனுசாமி விலங்கை எடுத்தார். "அம்மா, இவன்தாம்மா. மெஷினை அணைக்க வச்சதே இவன்தான்."

"பொறுங்க முனுசாமி. லோகநாதன்! அணைச்சு ஆன் பண்ணினா மெஷின் என்ன செய்யும்?"

லோகநாதன் டையைச் சரி செய்துகொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

"ஆன் பண்ணும்போது அதுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். பிறந்த குழந்தை மாதிரி. இந்த டேப்பை மாட்டி 'லோட்'னு தட்டணும்."

துளை துளையாக ஓட்டை போட்ட காகித நாடாவைக் காட்டினான். மேலே சந்தனப் பொட்டு!

"உலையை எப்படி நடத்தணும்கறது பூரா இதுலதான் இருக்கு. எப்போ மணி, எவ்வளவு நேரம் மணி, எப்போ கதவு... எல்லாம். மெஷின் இதைப் படிச்சு மண்டைக்குள்ள வச்சுக்கும். அதுக்கப்புறம் டேப்பே வேண்டாம்."

"மறுபடி 'லோட்'னு தட்டினா?"

"'ஓகே'ன்னு பதில் அடிக்கும்."

"மறுபடி படிக்குமா?"

"படிக்காது மேடம். இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு மண்டையில இருக்குதே, எதுக்கு திரும்பப் படிக்கணும்னு விட்டுடும். டேப் ஒரு அங்குலம் கூட நகராது. ஆனா 'ஓகே'ன்னு மட்டும் சொல்லும்."

முனுசாமிக்குப் பரவசம் வந்துவிட்டது.

"எங்க இன்ஸ்பெக்டர் ஐயா மாதிரிம்மா! ஒரு கேசை ஒரு தபா படிச்சிட்டாருன்னா அத்தோட சரி. அப்பால குத்தவாளியே வேற ஆளுன்னு எழுதிக் குட்த்தாலும் 'பாத்துட்டேன்'னுவாரு."

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. அவள் மூளைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது.

"அப்போ டேப்பை யாராவது நடுவுல மாத்தி வச்சிருந்தா...?"

"மெஷினுக்குத் தெரியாது மேடம். பழையதையே ஓட்டிக்கிட்டிருக்கும்."

"என்னைக்கு அணைச்சு ஆன் பண்றோமோ..."

"அன்னைக்குத்தான் புது டேப்பைப் படிக்கும்." சொல்லி முடித்ததும் லோகநாதனின் முகம் மாறியது. "ஐயோ."

"டேப்பைப் படிச்சுப் பாருங்க."

லோகநாதன் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை விரலால் தடவிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மேடம்... மணியே இல்லை. காத்திருக்கற நேரம் பூஜ்யம். இது நாங்க குடுத்த டேப்பே இல்லை! யாரோ புதுசா ஓட்டை போட்டு அச்சு அசலா செஞ்சிருக்காங்க!"

சம்பூர்ணம் டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப இது கொலை" என்றாள் சம்பூர்ணம்.

*

கொலை என்றதும் முதலாளிக்கு மூளை நன்றாக வேலை செய்தது.

"மணவாளன்! அவன்தான்!"

"யார் அது?"

"முந்தின ஜி.எம். அப்ப சுப்பராயன் அவனுக்கு அடுத்த இடத்துல இருந்தார். சுப்பராயன் வந்து எங்கிட்ட சில விஷயம் சொன்னார். நான் மணவாளனை அனுப்பிட்டேன். இப்ப பொன்னேரியில ரைஸ் மில் வச்சிருக்கான். டேப் பீரோ சாவி அவன்கிட்டதான் இருந்தது. போகும்போது டேப்பை மாத்தி வச்சுட்டுப் போயிருக்கான். என்னைக்காவது மெஷினை அணைப்பாங்க, சுப்பராயன் உள்ள போவான், சாவான்னு!"

"சுப்பராயன் என்ன விஷயம் சொன்னார்?"

"மணவாளனுக்குக் கம்ப்யூட்டர் மேல நம்பிக்கை இல்லைன்னார்."

"அதுக்கா வேலையை விட்டு அனுப்பினீங்க?"

"மந்திரி திறந்து வச்ச கம்ப்யூட்டர்ம்மா!"

முனுசாமி சம்பூர்ணத்தின் காதருகே வந்தார். "அம்மா, மணவாளன் சரியா பொருந்தறாரு. பொன்னேரி பக்கம்தான். போய்த் தூக்கினு வந்துடட்டா? வர்ற வழியில நாஷ்டா..."

"வேண்டாம். இறந்தவரோட ரூமைப் பாக்கணும்."

ஜி.எம். அறை. மேஜை மேல் கண்ணாடி. அதற்கடியில் மந்திரியோடு சுப்பராயன் நிற்கும் போட்டோ. மேஜையின் கீழ் டிராயர் பிளந்து கிடந்தது. பூட்டை யாரோ உடைத்திருக்கிறார்கள்!

"இது எப்போ உடைஞ்சது?"

முதலாளி விழித்தார். பியூன் விழித்தான். குப்புராஜ் மட்டும் விழிக்காமல் தரையைப் பார்த்தான்.

சம்பூர்ணம் அவனிடம் போனாள். லத்தியால் அவன் சட்டைப் பையை லேசாகத் தொட்டாள். பை புடைத்திருந்தது.

"வெளிய எடு."

"அம்மா... அது வந்து..."

"எடுய்யா!" முனுசாமி போட்ட சத்தத்தில் போட்டோவே ஆடியது.

குப்புராஜ் எடுத்தான். சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட காகித நாடா. துளை துளையாக!

"திருட்டுன்னு நெனைச்சிக்காதம்மா." அவன் நாடாவை அவளிடம் கொடுத்தான். "கதவு மூடிக்கிச்சா... நாங்க கடப்பாரையப் போட்டு நெம்பிக்கினு கீறோம். அவரு உள்ள இருந்து கத்தனாரு. சத்தத்துல பாதிதான் வெளங்குச்சி. 'பழசு... பழசு என் டிராயர்ல கீது... பழசு'ன்னு. சொல்லிக்கினே இருந்தாரு."

"அதுக்கு?"

"பழைய போனஸ் பாக்கின்னு நெனைச்சிக்கினோம்மா!"

குப்புராஜ் உடைந்த டிராயரைக் காட்டினான்.

"சாவற நேரத்துல மனுசனுக்கு மனசாட்சி வந்துடுச்சி, எங்க பாக்கியக் குட்த்துட சொல்றாருன்னு... எல்லாம் முடிஞ்ச அப்பால வந்து டிராயரை ஒடைச்சேன். இந்தக் காயிதந்தான் இருந்திச்சி. வெளிய சொன்னா பூட்டை ஒடைச்சவன்னு உள்ள போட்ருவீங்க. அதான் பேஜாரா பூட்ச்சி."

முதலாளி பல்லைக் கடித்தார். "போனஸாம்! அந்த நேரத்துலயும் போனஸ்!"

"நீங்க குட்த்திருந்தா எனக்கு ஏன் நைனா அந்த நெனைப்பு வருது?" என்றான் குப்புராஜ்.

சம்பூர்ணம் குறுக்கே வந்தாள். நாடாவை லோகநாதனிடம் நீட்டினாள்.

"படிங்க."

லோகநாதன் தடவிப் பார்த்தான். 

"இது எங்க டேப் மேடம். ஒரிஜினல். மணி இருக்கு. காத்திருக்கற நேரம் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு."

"காஸ் குழாயை மூடுங்க. மெஷினை அணைச்சு ஆன் பண்ணுங்க. மேரி, இந்த டேப்பைப் போடு."

மேரி டேப்பை மாட்டினாள். 'லோட்' என்று தட்டினாள். நாடா கிர்ரென்று ஓடியது. 'ஸ்டார்ட்' தட்டினாள்.

க்ணங்... க்ணங்... க்ணங்...!

தொழிற்சாலை முழுக்க மணி அதிர்ந்தது. கதவு அசையவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மேரி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சம்பூர்ணம் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு மணி ஓயும் வரை நின்றாள்.

*

"இப்ப ஒரு கேள்வி, மேரி. போன வருஷம் விஜயதசமிக்கு உள்ள போன ஜி.எம். யாரு?"

"மணவாளன் சாரும்மா."

"ஸ்டார்ட் தட்டினது நீயா?"

மேரி தலையை ஆட்டினாள். "இல்லம்மா. சுப்பராயன் சாரு. 'நீ போய் சுண்டல் வாங்கிக்க மேரி, இன்னிக்கு நான் பாத்துக்கறேன்'னாரு. எனக்கு அதிசயமாப் போச்சி. அவரு யாருக்கும் எதுவும் பாத்துக்கற ஆளில்ல."

"அப்புறம்?"

"நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்தேன். மணி அடிச்சிச்சி. மணவாளன் சாரு வெளிய வந்தாரு. எல்லாரும் கை தட்டனாங்க. சுப்பராயன் சாரு மட்டும் கை தட்டல. டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருந்தாரு. ஏசி ரூமுல வேர்த்து ஊத்துச்சிம்மா அவருக்கு! நான் உள்ள போயிப் பாத்தேன். காயிதத்துல 'மணி பூஜ்யம், மணி பூஜ்யம்'னு வரிசையா அடிச்சி வச்சிருந்தாரு. மெஷினும் ஒவ்வொண்ணுக்கும் 'ஓகே'ன்னு சொல்லியிருந்திச்சி. 'இன்னா சார் இது'ன்னேன். கிழிச்சி வாயில போட்டுக்கினாரு!"

"வாயிலயா?"

"மென்னு முழுங்கிட்டாரும்மா. சுண்டல் குடுத்தேன், அத வாணாம்னுட்டாரு."

லோகநாதன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். "நூறு தடவை தட்டினாலும் மணி நிக்காது மேடம். வெளியிலேருந்து நாம 'மணி'ன்னு சொன்னா, வெளியில அந்தப் பேர்ல புதுசா ஒண்ணை வச்சுக்கும். டேப்புலேருந்து மண்டைக்குள்ள போன மணி வேற. அதுக்கு இது கேக்கவே கேக்காது. பேர்தான் ஒண்ணு."

"வெளங்கிச்சி" என்றார் முனுசாமி. "எங்க மாமியா ஊட்ல என் மச்சான் பேரும் முனுசாமிதான். ஊட்டுக்குள்ள 'முனுசாமிக்குக் கறி வைய்யி'ன்னா அவன் எலையிலதான் வுழும். வாசல்ல நின்னுக்கினு நான்தான் முனுசாமின்னு எத்தினி தபா கத்தனாலும் எனக்கு ரசம்தான்."

"மேரி, அன்னைக்கு டேப் எங்க இருந்தது? பீரோவுலயா?"

"இல்லம்மா. ஆயுத பூஜைக்கு எல்லா டேப்பையும் எட்த்து சாமி முன்னாடி பலகையில வச்சிருந்தோம், புஸ்தகம் வைக்கற மாதிரி. அன்னிக்கு ராத்திரி பூரா அங்கதான் இருந்திச்சி. மறுநாளு மெஷின்ல மாட்டி இருந்ததை நான்தான் சுத்தி எட்த்தும்போயி மணவாளன் சாருகிட்ட குடுத்தேன். அவரு பீரோவுல வச்சிப் பூட்டனாரு. இன்னிக்குக் காலையில சுப்பராயன் சாருதான் பொட்டு வச்சி எட்த்துக் குடுத்தாரு."

சம்பூர்ணம் நிமிர்ந்தாள்.

"முனுசாமி, எழுதிக்குங்க. கொலைகாரன் பேர் சுப்பராயன்."

முனுசாமியின் பென்சில் நின்றது. "அம்மா... அது செத்தவரு பேரு."

"தெரியும்."

"என்னம்மா உளர்றீங்க!" முதலாளி கத்தினார். "செத்தவனே எப்படிக் கொலைகாரனாவான்?"

"அவர் கொல்ல நினைச்சது மணவாளனை. அந்த நாற்காலிக்காக. பூஜைப் பலகையிலேருந்து நல்ல டேப்பை எடுத்துட்டு, தான் செஞ்ச டேப்பை வச்சார். மறுநாள் மணவாளன் உள்ள போனதும் மெஷின்ல மாட்டி 'லோட்' தட்டினார். 'ஓகே'ன்னு வந்தது. வேலை முடிஞ்சதுன்னு ஸ்டார்ட் தட்டினார். ஆனா மெஷின் படிக்கவே இல்லை! பழசையே ஓட்டிச்சு. மணி அடிச்சது."

"டேப் நகரலைன்னு பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே" என்றான் லோகநாதன்.

"அவர் கண்ணு டேப் மேல இல்லை லோகநாதன். உலைக் கதவு மேல இருந்தது."

சம்பூர்ணம் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

"மணி அடிக்குதேன்னு பதறி 'மணி பூஜ்யம்'னு தட்டிப் பாத்தார். மெஷின் 'ஓகே, ஓகே'ன்னு சொல்லிட்டு அதையும் காதுல வாங்கலை. தன் டேப்புல ஏதோ ஓட்டை தப்பாப் போட்டுட்டோம், அது சாதா டேப்பாவே போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டார். அடுத்த வழியா முதலாளி காதைக் கடிச்சார். அது உடனே வேலை செஞ்சது."

முதலாளி இருமினார்.

"ஒரு வருஷமா தான் செஞ்ச டேப்தான் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தார். தினமும் மணி ஒழுங்கா அடிக்குது. இனிமே எதுக்கு அதை மாத்தப் போய், யார் கண்ணுலயாவது படணும்? பழசை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு விட்டுட்டார். இன்னைக்குக் காலையில தன் கையாலயே பீரோவைத் திறந்து, சந்தனப் பொட்டு வச்சு, டேப்பை மேரிகிட்ட குடுத்துட்டு, நிம்மதியா உள்ள போனார். மணி அடிக்காம கதவு மூடினதும்தான் புரிஞ்சிருக்கும்."

சம்பூர்ணம் குப்புராஜ் பக்கம் திரும்பினாள்.

"வேற யாரா இருந்தாலும் 'கதவைத் திற'ன்னு கத்தியிருப்பாங்க. பழைய டேப் டிராயர்ல இருக்குன்னு கத்த, அதை அங்க வச்சவனாலதான் முடியும்."

குப்புராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாவிலும் அந்த ஆள் போனஸைப் பற்றி நினைக்கவில்லை என்பதில் அவனுக்கு உண்மையாகவே வருத்தம்.

"வீட்டுக்குப் போ மேரி" என்றாள் சம்பூர்ணம். "புள்ளை பசியில இருக்கும். ஜீப்ல கொண்டுபோய் விடச் சொல்றேன்."

மேரி எழுந்தாள். கும்பிட வந்த கைகளால் சம்பூர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வரவில்லை.

பேச்சு முதலாளிக்கு வந்தது.

"இரும்மா மேரி! அதான் நல்ல டேப் கிடைச்சாச்சே? நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. ஒரு ஸ்டார்ட் தட்டிட்டுப் போயிடேன்!"

மேரி திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷமாகச் 'சரிங்க சார்' தவிர வேறெதுவும் சொல்லாதவள்.

"தட்றேன் சார். மொதல்ல நீங்க உள்ள போயி கற்பூரம் காட்டுங்க."

முதலாளிக்கு அதற்கு மேல் நல்ல நேரம் ஞாபகம் வரவில்லை.

வெளியே ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. மணவாளன்! விஷயம் கேள்விப்பட்டு, பொன்னேரியிலிருந்து ரயிலேறி, பழைய சகாவுக்குக் கடைசி மரியாதை செய்ய வந்திருந்தார்.

சம்பூர்ணம் அவரை ஓரமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மணவாளன் முழுக்கக் கேட்டார். போன விஜயதசமிக்குத் தான் கற்பூரம் காட்டிவிட்டு நடந்து வந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அப்போ... நான் உயிரோட இருக்கறது..."

"ஆமா சார்."

மணவாளன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "இதை அவனுக்குப் போட எனக்கு மனசு வரலையேம்மா. என்ன பண்றது?"

முனுசாமி கண்ணாடி அறையைக் கை காட்டினார்.

"மெஷினுக்குப் போடு நைனா! குட்த்ததைப் படிக்காமலே 'ஓகே' சொல்ற ஆபீஸருங்கள சர்வீஸ் பூரா பாத்துகினு கீறேன்... அதனால ஒருத்தரு உயிரு பொழைச்சது இதான் மொத தபா!"